கல்சிந்தூர்ச் சிறுமியரும் நம் பள்ளித் திடலும்



கல்சிந்தூர் என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டவுடன் கரூர், கடலூர் என்பதுபோல் தமிழ்நாட்டில் எங்கோ இருக்கும் ஊர் என்றுதான் என் மாணவர்கள் எண்ணினார்கள். ஆனால், அவ்வூர் வங்காளதேசத்தின் மைமன்சிங் மாவட்டத்தில், கரோ மலைகளுக்குத் தெற்கே, இந்திய எல்லையை ஒட்டி இருக்கிறது. வயலை நம்பி வாழும் எளிய மக்களின் ஊர். அங்கே ஓர் அரசு தொடக்கப்பள்ளி. அந்தப் பள்ளியின் திடலிலிருந்து புறப்பட்ட சிறுமியர்தாம் தங்கள் நாட்டுக்கு ஆசிய வட்டாரக் காற்பந்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, எண்ணெய்ப்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய பள்ளிகள். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பணியாற்றும் எனக்குக் கல்சிந்தூரின் கதை வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்ன செய்ய முடியும், எது அவர் கையை மீறியது என்ற இரண்டையும் அது ஒருசேரக் காட்டுகிறது. ஆகவேதான் இதனைச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

பள்ளிக் கிண்ணத்தில் தொடங்கிய பயணம்

2011ஆம் ஆண்டில் வங்காளதேச அரசு, தொடக்கப்பள்ளிச் சிறுமியருக்கென நாடு தழுவிய காற்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. அதன் பெயர் வங்கமாதா தங்கக் கிண்ணம். ஒன்றியம், மாவட்டம், கோட்டம் எனப் படிப்படியாக ஏறித் தலைநகர் டாக்காவில் இறுதியாட்டம் ஆடவேண்டும். நம் நாட்டில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பள்ளிப் போட்டிகள் நடைபெறுவது போலத்தான்.

கல்சிந்தூர்ப் பள்ளியின் உதவி ஆசிரியர் மொஃபிஸ் உத்தின் என்பவர் சிறுமியரைத் திரட்டிப் பயிற்சி கொடுக்க முன்வந்தார். அவர் சந்தித்த முதல் தடை பந்தோ திடலோ அன்று, பெற்றோர்! பெண்பிள்ளைகள் அரைக்காற்சட்டை அணிந்து ஆண்கள் பார்க்க ஓடுவதா என்று ஊரார் கேட்டார்கள். பயிற்சியின் தொடக்கத்தில் சிறுமியர் சல்வார் கமீசிலேயே பந்தை உதைத்தார்கள். ஆசிரியர் வீடு வீடாகச் சென்று பேசினார். ஒருநாள் சென்று பேசிவிட்டுத் திரும்பிவிடும் வேலை இல்லை அது. இன்று சரி என்ற தந்தை நாளை ஊரார் பேச்சைக் கேட்டு மறுத்துவிடுவார். மறுபடியும் சென்று பேச வேண்டும்.

அந்தப் பள்ளி 2013 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நாட்டின் வெற்றியாளர் ஆனது. இப்படி ஒரே பள்ளியிலிருந்து தேசிய இளையோர் அணிக்குப் பல வீராங்கனையர் கிடைத்தார்கள்.

நிலநடுக்கம் தள்ளிவைத்த இறுதியாட்டம்

நம் புக்கிட் ஜாலிலில் தலைமையகத்தைக் கொண்டிருக்கும் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு, அந்த ஆண்டுகளில் 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கு வட்டார வாரியாகப் போட்டிகளை நடத்தி வந்தது. தெற்கு, மத்திய ஆசிய வட்டாரத்துக்கான 2015ஆம் ஆண்டுப் போட்டி நேப்பாளத்தில் நடைபெற்றது. வங்காளதேசமும் நேப்பாளமும் இறுதியாட்டத்திற்குத் தேர்வாயின. நாள், 25 ஏப்ரல் 2015.

அன்று நண்பகலுக்குச் சற்று முன்னர் நேப்பாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன பேரிடர் அது. கிண்ணத்திற்காகக் காத்திருந்த இரு நாட்டுச் சிறுமியரும் அந்த நகரத்திலேயே இருந்தார்கள். ஆட்டம் நின்றுபோனது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

ஏறக்குறைய எட்டு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு டிசம்பரில், அந்த இறுதியாட்டம் மீண்டும் காட்மாண்டுவிலேயே நடைபெற்றது. வங்காளதேசச் சிறுமியர் 1–0 என வென்றார்கள். எனக்கு இதில் கோலைவிடப் பெரிதாகத் தெரிவது ஒன்றுண்டு. நிலம் அதிர்ந்த அதே நகருக்கு மீண்டும் தங்கள் மகள்களை அனுப்பிவைத்த அந்தப் பெற்றோர்! தொடக்கத்தில் பள்ளித் திடலுக்கே அனுப்ப மறுத்த ஊர் அல்லவா அது? 2016இல் தஜிகிஸ்தானில் நடைபெற்ற அடுத்த போட்டியில் இந்தியாவை வென்று கிண்ணத்தைத் தக்கவைத்துக் கொண்டார்கள்.

உள்ளூர்ப் பேருந்து, திறந்த பேருந்து

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் டாக்காவில் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்று நடைபெற்றது. அதில் வங்காளதேச அணி ஈரானை 3–0, நம் அண்டை நாடான சிங்கப்பூரை 5–0, சீனத் தைப்பேயை 4–2 என வீழ்த்தி, ஐந்து ஆட்டங்களிலும் வென்று முதலிடம் பெற்றது.

வெற்றி பெற்ற கையோடு கல்சிந்தூரைச் சேர்ந்த வீராங்கனையர் ஊர் திரும்பினார்கள். எப்படித் தெரியுமா? பாதுகாவலர் எவருமின்றிச் சாதாரண உள்ளூர்ப் பேருந்தில்! வழியில் சில பயணிகள் அவர்களை ஏளனம் செய்தும் தகாத சொற்களைச் சொல்லியும் துன்புறுத்தினார்கள். செய்தி வெளியானபோது நாடே தலைகுனிந்தது. கோல் அடிக்கக் கற்றுக்கொடுத்த நாடு, அவர்களைப் பாதுகாப்பாக வீட்டுக்குக் கொண்டு சேர்க்க ஒரு வண்டியை ஏற்பாடு செய்ய மறந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 2017 செப்டம்பரில், அவர்கள் தாய்லாந்தின் சொன்புரியில் ஆசியாவின் வலிமைமிக்க அணிகளைச் சந்தித்தார்கள். வடகொரியாவிடம் 0–9, ஜப்பானிடம் 0–3, ஆஸ்திரேலியாவிடம் 2–3. மூன்றும் தோல்விதான். எனினும், அந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். ஒன்பது கோல் வேறுபாடு மூன்றாகி, மூன்று ஒன்றாகக் குறைந்தது. ஒரே போட்டியில், சில நாள் இடைவெளியில் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. தேர்வுத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் நாம், ஒரு மாணவரின் மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கும் பழக வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் டாக்காவில் நடைபெற்ற 15 வயதுக்குட்பட்ட தெற்காசியப் போட்டியில், கல்சிந்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த மரியா மண்டாவின் தலைமையில் வங்காளதேசம் இந்தியாவை 1–0 என வென்றது. மரியா, கரோ பழங்குடியைச் சேர்ந்தவர்.

பிறகு 19 செப்டம்பர் 2022. காட்மாண்டுவில் தெற்காசிய மகளிர் வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டம். இம்முறை இளையோர் அணி அன்று, முதன்மை அணி. நேப்பாளத்தை 3–1 என வென்று வங்காளதேசம் முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை ஏந்தியது. முதல் கோலை அடித்த இளைய சம்சுன்னாகார் கல்சிந்தூரைச் சேர்ந்தவர். அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு வீராங்கனையான சஞ்சிதா அக்தர், இறுதியாட்டத்திற்கு முன்னர் முகநூலில் எழுதிய பதிவொன்றில் திறந்த பேருந்து வரவேற்பைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தார். அது மக்கள் மனத்தைத் தொட்டது. 21 செப்டம்பர் அன்று டாக்கா வானூர்தி நிலையத்திலிருந்து அணியினர் மேற்கூரை அகற்றப்பட்ட பேருந்தில் நகரை வலம் வந்தார்கள். சாலையின் இருமருங்கிலும் மக்கள் திரண்டு நின்றார்கள்.

ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேருந்துகள். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சிறுமியரைவிட அதிகமாக மாறியது, அவர்களைப் பார்த்த கண்கள்தாம். 2024இலும் அவர்களே தெற்காசியக் கிண்ணத்தை வென்றார்கள். 2025 ஜூலையில் மியன்மாரை அதன் மண்ணிலேயே வீழ்த்தி, ஆஸ்திரேலியாவின் 2026 மகளிர் ஆசியக் கிண்ணத்திற்கு முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள்.

நாணயம் சுண்டிய நாள்

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் ஆறாம் ஆண்டு மாணவர்கள் மிகவும் விரும்பிக் கேட்டது இதைத்தான்.

8 பிப்ரவரி 2024. டாக்காவில் 19 வயதுக்குட்பட்ட தெற்காசிய மகளிர் இறுதியாட்டம். எட்டாம் நிமிடத்தில் இந்தியா கோல் அடித்துவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில், வங்காளதேசம் சமன் செய்தது. பெனால்டி உதைகள் தொடங்கின. இரு அணிகளிலும் கோல்காவலர் உட்படப் பதினொருவரும் கோல் அடித்தார்கள். 11–11! ஒருத்திகூடத் தவறவிடவில்லை.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. உதைகளைத் தொடராமல் நாணயம் சுண்டி முடிவு செய்யுமாறு ஆட்ட அதிகாரி பணித்தார். நாணயம் இந்தியாவுக்குச் சாதகமாக விழுந்தது. இந்தியச் சிறுமியர் மகிழ்ச்சியில் துள்ளினார்கள். வங்காளதேச அணி திடலை விட்டு அகலாமல் எதிர்ப்புத் தெரிவித்தது. விதிப்படி உதைகள் தொடரவேண்டும் என்பதை உணர்ந்து அதிகாரி முடிவைத் திரும்பப் பெற்றார். வென்றுவிட்டோம் என்று நம்பிய இந்திய அணி மீண்டும் ஆட இணங்கவில்லை. நெடுநேரக் குழப்பத்திற்குப் பின்னர், இரு அணிகளும் கூட்டு வெற்றியாளர்கள் என அறிவிக்கப்பட்டது.

நாணயம் சுண்டும் வழக்கம் காற்பந்தில் முன்பு இருந்ததுதான். 1968ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலி, சோவியத் ஒன்றியத்தை அப்படித்தான் வென்றது. அது நேர்மையன்று என்று கருதி, பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறை 1970இல் விதியில் சேர்க்கப்பட்டது. அந்த மாற்றத்தை முன்மொழிந்து வலியுறுத்தியவர்களுள் ஒருவர், அனைத்துலக நடுவர் குழுவில் அங்கம் வகித்த மலேசியரான கோ இவே தெய்க் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நன்னெறிக் கல்வி வேளையில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி, "நீங்கள் நடுவராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பையன்கள் பலர் உதைகளைத் தொடரவேண்டும் என்றார்கள். விதியும் அதுதான். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், இருபத்திரண்டு பேரும் சரியாத்தானே அடிச்சாங்க? அப்புறம் ஏன் ஒருத்தர் தோத்தே ஆகணும்?" என்றாள். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. விதிநூலில் அவளுக்கு விடை உண்டு. ஆயினும், அந்தக் கேள்வியை விதிநூலைக் காட்டி அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாணவியைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

எங்கள் திடலில்

எங்கள் பள்ளி கூலாய்ப் பக்கம் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை நூற்றைம்பதுக்கும் கீழ். எழுவர் காற்பந்துக்கு ஓர் அணி சேர்ப்பதே பெரும்பாடு. ஆகவே, சில ஆண்டுகளாகவே பயிற்சியில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். கொள்கை முடிவு என்றெல்லாம் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம்! நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் பெண் பயிற்சி ஆசிரியர்களான நாங்கள் வலைப்பந்துக்கே போனோம். காற்பந்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பிறகு நூல்களைப் படித்தும் சக ஆசிரியர்களிடம் கேட்டும் கற்றுக்கொண்டவை.

அந்த மாணவி இடக்காலால் உதைப்பவள். பந்து காலில் பட்டதும் தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். பத்து, பன்னிரண்டு வயதில் இது அரிய பழக்கம். மற்றவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். அவள் திடலைப் பார்ப்பாள். எழுதும்போது பிழை மலியும் அவளுக்கு, திடலின் இலக்கணம் மட்டும் பிழையின்றி வந்தது.

இவ்வாண்டு மாவட்ட அளவில் 12 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான போட்டிக்கு, அருகிலுள்ள இன்னொரு சிறிய பள்ளியோடு சேர்ந்து ஓர் அணியை அமைத்தோம். பெற்றோர் அனுமதிக் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவளுடைய கடிதம் மட்டும் வரவில்லை. கேட்டால், "நாளைக்குக் கொண்டு வரேன் டீச்சர்" என்பாள். அந்த நாளை ஐந்து நாளாகியும் வரவில்லை.

ஒரு மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். தாயார் சிங்கப்பூரில் தொழிற்சாலை ஊழியர். அதிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஏறினால் இரவு எட்டுக்கு மேல்தான் திரும்புவார். பிள்ளையை வளர்ப்பதெல்லாம் பாட்டிதான். இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீர் கலக்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகத் தொடங்கினார்.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. பொம்பளப்புள்ள காலு ஒடைஞ்சி வந்தா நாளைக்கு யாரு பாக்கறது? அவ அம்மா வேலைக்கு லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாங்க. நானும் எத்தனை நாளைக்கு இருப்பேன்?"

வழக்கமான 'பெண்பிள்ளை' என்ற பேச்சாக மட்டும் அது எனக்குப் படவில்லை. அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. கால் முறிந்தால் மருத்துவமனை, மருத்துவமனை என்றால் விடுப்பு, விடுப்பு என்றால் சம்பளப் பிடித்தம். அறியாமையால் மறுக்கிறார்கள் என்று பெற்றோரைப் பற்றி நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அவர்கள் நம்மைவிடத் தெளிவாகவே கணக்குப் பார்க்கிறார்கள்.

ஆகவே நானும் கணக்காகவே பேசினேன். முழங்கால் வரை காலுறை, அதனுள் கணைக்கால் காப்பு. மாணவர் விபத்துக் காப்புறுதி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று விளக்கினேன். ஆட்டத்தன்று என் வண்டியிலேயே அழைத்துச் சென்று, இருட்டுவதற்கு முன்னர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவேன் என்றேன். அரைக்காற்சட்டைக்குள் நீண்ட கால்சட்டை அணியலாம், தடையில்லை என்றேன். பிறகு, அவர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த 1976ஆம் ஆண்டிலேயே, நம் முதல் பிரதமரின் துணைவியார் துன் சரிபா ரொட்சியா பெயரில் மாநிலங்களுக்கிடையே பெண்கள் காற்பந்துக் கிண்ணம் தொடங்கிவிட்டதையும் சொன்னேன்.

"அப்பவேவா?" என்று கேட்டார். "எங்களுக்கு யாரு சொன்னா?"

அந்த ஒரு கேள்வி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. 1983இல் நம் மகளிர் அணி ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது. 1995 சீ விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் வென்றது. 2006இல் 19 வயதுக்குட்பட்ட ஆசிய மகளிர் போட்டி கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. அங்கே இறுதியாட்டத்தில் மோதிய சீனாவும் வடகொரியாவும்தான் சில மாதங்கள் கழித்து மாஸ்கோவில் உலக இறுதியாட்டத்திலும் மோதின. 2007இல் 16 வயதுக்குட்பட்ட ஆசிய மகளிர் போட்டியும் நம் நாட்டில்தான். அதில் வென்ற வடகொரியா, 2008இல் அந்த வயதுப் பிரிவின் முதல் உலகக் கிண்ணத்தையும் வென்றது. உலகின் தலைசிறந்த சிறுமியர் நம் வாசலுக்கே வந்து ஆடிவிட்டுப் போனார்கள். 1997 நவம்பரில் லார்க்கின் அரங்கில் ஜப்பான் ஈரானை வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதிபெற்ற இரவை ஜொகூர்க்காரர்கள் இன்றும் பேசுகிறோம். பெண்கள் ஆட்டத்தைப் பற்றி நம் தோட்டத்து வீடுகளுக்கு யார் சொன்னார்கள்?

பாட்டி அனுமதிக் கடிதத்தில் கைந்நாட்டு வைக்கவில்லை. "அவ அம்மா வரட்டும்" என்றார். மறுநாள் காலை தாயாரின் கையொப்பத்தோடு கடிதம் வந்தது.

போட்டியில் எங்கள் அணி மூன்று ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் தோல்வி, ஒன்றில் சமன். அந்தச் சமனுக்குரிய கோலை அவள் அடிக்கவில்லை. அவள் கொடுத்த பந்தை அடுத்த பள்ளி மாணவி அடித்தாள். கதைகளில் வருவதுபோல் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. மாலை ஆறரைக்குள் அவளை வீட்டில் விட்டேன். பாட்டி முதலில் அவள் கால்களைத்தான் பார்த்தார்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

இப்போது என்னை வருத்துவது அடுத்த ஆண்டு. அவள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். அவளுக்குக் கிடைக்கக்கூடிய பள்ளியில் பெண்களுக்குக் காற்பந்து அணி இல்லை. பள்ளிப் பேருந்து பிற்பகலில் புறப்பட்டுவிடும். பயிற்சிக்காகத் தங்கினால் வீடு திரும்ப வண்டி இல்லை. காற்பந்தில் நாம் பெண்பிள்ளைகளை இழப்பது பெரும்பாலும் தோல்வியினால் அன்று. இப்படிப்பட்ட பேருந்து நேரத்தினால்தான்.

கல்சிந்தூர் இங்கேதான் எனக்கு வழிகாட்டுகிறது. அவ்வூரில் தொடக்கப்பள்ளியோடு ஆட்டம் நின்றுவிடவில்லை. சிறுமியர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது பயிற்சியும் அவர்களோடு சென்றது. தேசிய அளவில் அவர்களை டாக்காவில் தங்கவைத்து ஆண்டு முழுதும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பெற்ற வெற்றிக்குப் பின்னரே அவ்வூருக்கு மின்சாரம் வந்தது. அவர்களைப் பற்றிய பாடம் அந்நாட்டு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அதே வேளையில் அங்கே எல்லாம் இனிதே முடிந்துவிடவும் இல்லை. 2017இல் அந்த ஊரின் இளம் வீராங்கனை ஒருத்தி காய்ச்சலில் மாண்டாள். நாட்டுக்காக ஆடினாலும் ஏழையின் வீடு ஏழையின் வீடுதான். கிண்ணத்தைக் காட்டி வறுமையை மறைத்துவிட முடியாது. பாட்டி சொன்ன கணக்கு அங்கேயும் உண்டு.

தமிழ்நாட்டிலும் நம்பிக்கை தரும் செய்திகள் இருக்கின்றன. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பணியாற்றுபவர். 2018இல் கட்டாக்கில் நடைபெற்ற தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாடு, வலிமைமிக்க மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மறு ஆண்டு மதுரைப் பக்கத்துச் சேது காற்பந்துக் கழகம் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆட்டம் வேலைக்கும் வழிவகுக்கும் என்று தெரிந்தால் பெற்றோரின் கணக்கும் மாறும்.

என் பணிவான வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டு முடியும்போது மதிப்பீட்டு அறிக்கையோடு, அம்மாணவர் எந்த விளையாட்டில் சிறந்தவர் என்று இடைநிலைப்பள்ளியின் புறப்பாடப் பொறுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். நான் இவ்வாண்டு எழுதிவிட்டேன். ஒரு பக்கம் போதும்.

இரண்டு: பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, காலணியும் சீருடையும் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னர் வண்டிச் செலவைப் பற்றி யோசியுங்கள். பயிற்சி முடிந்த பின்னர்ப் பெண்பிள்ளை பாதுகாப்பாக வீடு சேர்வதற்கு வழி இருந்தால், பாதி வீடுகளில் மறுப்பு இராது.

மூன்று: ஊர்ப் பெரியவர்களே, கோயில் திருவிழாவையொட்டி நடத்தும் எழுவர் காற்பந்துப் போட்டியில் சிறுமியருக்கும் ஒரு பிரிவு வையுங்கள். நான்கு அணிகள் வந்தாலும் போதும். பாட்டிமார்கள் தம் கண்ணால் பார்க்கட்டும்.

இடைநிலைப்பள்ளியிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. பள்ளி விடுமுறை முடிந்ததும் நேரில் சென்று கேட்பதாக இருக்கிறேன். அதற்குள் அவள், வீட்டுக்குப் பின்னாலுள்ள சுவரில் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருப்பதாகப் பாட்டியே தொலைபேசியில் குறை கூறினார். சுவரெல்லாம் வட்ட வட்டமாகக் கறையாம். குரலில் கோபம் அவ்வளவாக இல்லை.